ஒரு கல் உப்பு குறைவு

அப்பாவும் அம்மாவும் ஒரு நாளில் பேசிக்கொள்வது ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான். சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டு அம்மா நிமிராமலே கேட்பாள்.

"உப்பு சரியா இருக்கா?"

கேள்வி மாறாது. பதில் தினம் ஒன்றாக வரும். "ஒரு கல்லு கூட" என்பார் அப்பா. "இன்னைக்கு யார் மேல கோவம்? தூக்கலா இருக்கே" என்பார். ஒரு நாள் நிஜமாகவே கரித்துவிட்டது. "ஏளா பிரமு, உப்பளத்துல பாதிய உங்க அப்பன் சீதனமா எழுதிக் குடுத்துட்டானா?" என்றார். அம்மா கரண்டியை ஓங்கினாள். "பேரன் எடுக்குற வயசுல பேச்சப் பாரு" என்றாள். ஆனால் அன்று பாத்திரம் விளக்கும்போது அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அம்மா பெயர் பிரம்மசக்தி. அப்பா தங்கநயினார். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் அடுக்கும் யார்டில் வேலை. எங்கள் ஊர் தூத்துக்குடி. கொடியில் காய்ந்த துணியை நக்கினால்கூட உப்பு தெரியும். அப்படிப்பட்ட ஊரில் வேறு என்ன பேசுவார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அது உப்பைப் பற்றிய பேச்சே இல்லை என்பது வில்லை வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

வில்லை என்பது சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். மேல்வாயில் ஒட்டிக்கொள்வது. ஒட்டிய கொஞ்ச நேரத்தில் இருப்பதே மறந்துவிடும். நாக்கும் மூக்கும் மூளைக்குச் சொல்ல வேண்டியதை அது நடுவில் நின்று தடுத்துவிட்டு, நாம் விலைக்கு வாங்கி வைத்திருக்கும் ருசியை மட்டும் உள்ளே அனுப்பும். பழைய சோற்றைத் தின்றாலும் பிரியாணி. வேகாத காயைக் கடித்தாலும் பிரியாணி. தன்ருசி என்ற கம்பெனி இதைக் கொண்டு வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய பலகை வைத்திருந்தார்கள். ஓர் ஆள் ஒற்றையாக உட்கார்ந்து கண்ணை மூடிச் சாப்பிடுகிறான். கீழே எழுதியிருந்தது: "அடுத்தவர் கைப்பக்குவத்துக்கு இனி ஏன் காத்திருக்க வேண்டும்?"

எங்கள் வீட்டில் முதலில் ஒட்டிக்கொண்டு வந்தது அண்ணன் லிங்கதுரை. மொபைல் கடையில் வேலை பார்ப்பவன், புதிதாக எது வந்தாலும் அவனுக்கு வேண்டும். முதல் வாரம் இட்லியையும் கஞ்சியையும் பிரியாணியாகத் தின்றான். அடுத்த வாரம் கம்பெனி வேறு ருசி விட்டது, அதற்கு மாறினான். அதற்கடுத்த வாரம் இன்னொன்று.

"பழசு நல்லாத்தான இருந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னும் அதயா திங்கன்னு கடையில சிரிக்கானுவ" என்றான்.

எனக்கு வில்லை ஒட்டாது. பிறக்கும்போதே எனக்கு அண்ணம் பிளந்திருந்தது. தைத்து மூடினார்கள், பிரிந்தது, மறுபடி தைத்தார்கள். அந்தத் தழும்பில் எதுவும் நிற்காது. என் பேச்சும் பாதி மூக்கு வழியாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். வாசித்தால் வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் போலப் பேசும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிறகு வீட்டில் அம்மாவோடுதான். அம்மா வில்லை வேண்டாம் என்றாள். "நான் ஆக்குனத நான் திங்க எனக்கு எதுக்குக் கம்பெனி?"

வில்லை வந்த ஒரு வருஷத்துக்குள் ஊரே மாறிப்போனது. ருசி வாய்க்குள்ளேயே இருக்கும்போது ஓட்டல்காரன் எதற்கு மசாலா அரைக்க வேண்டும்? வெந்த மாவு மாதிரி ஒன்று பையில் அடைத்து வந்தது. கம்பெனி அதற்கு நல்ல பெயர் ஏதோ வைத்திருந்தது. நாங்கள் பசை என்போம். ஓட்டலில் பசை, ஆஸ்பத்திரியில் பசை, மாமா மகள் கல்யாணத்திலும் இலை நிறைய பசை. கலர் மட்டும் வேறு வேறு. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் "நண்டு எப்பிடி உதிருது பாத்தீங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் "நெய் கொஞ்சம் அதிகம்" என்றார். எனக்கும் அம்மாவுக்கும் நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. ஒரு சின்னப் பிள்ளை தன் இலையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து, "யம்மா, ரொம்ப ருசி, ஒரு வாய் தின்னு" என்று அதன் அம்மா வாயில் வைத்தது. அவளும் தின்றாள். "எனக்கு வேற ருசில்லா தெரியும், லூசு" என்று பிள்ளையின் தலையைத் தட்டினாள். பிள்ளை கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடு என்று கேட்பது அதற்குப் பிறகு ஊரில் நின்றே போயிற்று.

துறைமுகத்துக் கேண்டீனிலும் பசை வந்ததும், அப்பாவும் வில்லை ஒட்டப் போவதாகச் சொன்னார். அன்று அம்மா மாங்காய் போட்டு சாளை மீன் குழம்பு கூட்டி வைத்திருந்தாள். அடுப்பிலிருந்து இறக்கியதுதான் தாமதம், அப்பா தூக்குவாளியில் மொண்டு மூடிவிட்டார்.

"இருங்க, இன்னும் உப்பு பாக்கல" என்று அம்மா கத்தினாள்.

"எல்லாம் சரியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் தூக்குவாளி கழுவிய மாதிரி சுத்தமாக வந்தது. காலையில் கட்டி வைத்த சோற்று டப்பா அடுக்களையில் அப்படியே இருந்தது. "சோத்த விட்டுட்டு வெறுங்குழம்பையா குடிச்சீங்க?" என்று அம்மா கேட்டாள். அப்பா முகம் கழுவப் போனார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அம்மா வழக்கம்போலக் கேட்டாள். அப்பா மேல்வாயில் புது வில்லையோடு ஒரு வாய் வைத்தார். கண் பாதி மூடியது. மெதுவாக மென்றார்.

"சரியா இருக்கு" என்றார்.

மறுநாளும் சரியா இருக்கு. அதற்கு மறுநாளும். கூட என்பதில்லை, குறைவு என்பதில்லை. உப்பளமும் சீதனமும் போன இடம் தெரியவில்லை.

"யப்பா, நீங்க என்ன ருசி எடுத்திருக்கீங்க?" என்று அண்ணன் ஒரு நாள் கேட்டான்.

"அது எனக்குத் தெரிஞ்சா போதும்."

அண்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒருவர் வில்லையில் என்ன இருக்கிறது என்று கேட்பது, அவர் சட்டைப்பையில் கை விடுவது போல ஆகியிருந்தது. "பின்ன எதுக்கு அம்மாவ அடுப்புல வேக வைக்கணும்? பசைய வாங்கிப் போட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப்போவுது?" என்று மட்டும் சொன்னான்.

"அடுப்பு எரியட்டும்" என்றார் அப்பா. "அவ ஆக்கட்டும்."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அடுக்களையில் என்னிடம் சொன்னாள். "எவ கடை ருசியோ வாய்க்குள்ள வச்சிருக்காரு. எனக்கு அடுப்பு எரியட்டுமாம். எதுக்கு, நான் சும்மா இருந்திரக் கூடாதுன்னா?"

அவள் உப்பே போடாமல் குழம்பு வைத்தது அதற்கு அடுத்த நாள். வேண்டுமென்றுதான் செய்தாள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. அம்மா கேட்டாள். அப்பா மென்றார்.

"சரியா இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவளுக்கு, உள்ளே வீடே இல்லை என்று தெரிந்தது போல இருந்தது.

மறுநாளிலிருந்து உப்பைக் கூட்டத் தொடங்கினாள். முன்பெல்லாம் மூன்று விரலால் எடுப்பாள். அது ஒரு கை ஆயிற்று. பிறகு குழிந்த கை நிறைய ஆயிற்று. எனக்கு மட்டும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுவாள்.

"நீ இதத் திங்காத. உனக்கு அந்தா இருக்கு."

"நீங்க?"

"நான் அவருக்குப் போடுததத்தான் திங்கேன்."

தின்றாள். தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றாள். சாயங்காலமானால் கால் வீங்கி, செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு நடப்பாள்.

"அப்பாக்கு உடம்புக்கு ஆகாதும்மா" என்றேன்.

"தெரியும்."

"பின்ன?"

"கரிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும். அன்னைக்கே நிறுத்திருதேன். திட்டுனாக்கூடச் சரி. தட்டத் தூக்கி எறிஞ்சாலும் சரி."

"நான் சொல்லுதேன்லா, கரிக்குது."

அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். "நீ சொல்லி என்னட்டி ஆவப்போவுது. அவருல்லா சொல்லணும்."

நான் உப்பு ஜாடியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். தெருவில் சைக்கிளில் உப்பு விற்றுக்கொண்டு போனவரை நிறுத்தி அம்மா வேறு வாங்கினாள். அவள் குளிக்கப் போகும்போது குழம்பில் வெந்நீர் ஊற்றினேன். வந்து பார்த்தாள், மறுபடி அள்ளிப் போட்டாள்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் புது மொபைலில் உறை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ வீட்டுல திங்கதே கொஞ்சம்."

"ஏ மாரி, அவங்கவங்க வாய், அவங்கவங்க பாடு. உடம்புக்குள்ள என்ன போவுதுன்னு அளக்கதுக்கு கம்பெனியிலயே காவல் திட்டம்னு தனியா ஒண்ணு இருக்கு. வேணும்னா அப்பா எடுத்துக்கிடட்டும். அடுத்தவங்க வாய்க்குள்ள நாம ஏன் போவணும்?"

"அடுத்தவங்களா? அப்பால்லா?"

"அப்பான்னாலும் அவரு வாய்தான?"

கடைசியில் அப்பாவிடமே போனேன். அவர் வாசலில் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்தால் அப்பா கைவேலையை நிறுத்திவிடுவார். என் பேச்சு ஒரு சொல்கூட விடாமல் புரிவது அவருக்கும் அம்மாவுக்கும்தான். அன்றும் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா, அம்மா குழம்புல உப்ப அள்ளி அள்ளிப் போடுதா. தெனமும்."

அவர் சிரித்துவிட்டார். "உங்கம்மா குழம்புலயா? சரியாத்தான இருக்கு."

"உங்க வாய்க்குச் சரியா இருக்கும். உள்ள போறது?"

"ஏட்டி, முப்பது வருசமாத் திங்கேன். உங்கம்மா உப்பு எனக்குத் தெரியாதா?"

"அந்த வில்லையக் கழட்டிட்டு ஒரு வாய் தின்னு பாருங்கப்பா. ஒரே ஒரு வாய்."

சட்டென்று அவர் சிரிப்பு நின்றது. எண்ணெய்க் கையாலேயே வாயை மூடிக்கொண்டார், யாரோ பிடுங்க வருவது போல.

"கழட்டுனா அழிஞ்சிரும்னு சொல்லியிருக்கான். மறுபடி அந்த ருசி கெடைக்காது. அத மட்டும் கேக்காத மக்கா."

உதட்டுக்கு மேல் கறுப்பாக எண்ணெய் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன். அம்மா சொன்னது சரிதான் போல, வாய்க்குள் வேறு எதையோ வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் அவர்மேல் கோபம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. அண்ணனும் வீட்டில் இருந்தான். அம்மா விளைமீன் குழம்பு வைத்திருந்தாள். ஊற்றினாள். கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"சரி..." என்று ஆரம்பித்த அப்பா நின்றார்.

அம்மா நிமிர்ந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பதில் பாதியில் நின்றிருந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். கரிக்குது என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்திருப்பாள். கரண்டியைக்கூடக் கீழே வைத்துவிட்டாள். சொல்லுங்க, சொல்லுங்க என்பது போல முன்னால் சாய்ந்தாள்.

அப்பாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சோறு வழிந்தது. கை தட்டிலேயே கிடக்க, அவர் மட்டும் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தக் கொதிப்பு எகிறி மூளையில் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். உயிர் தங்கியது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. வயதில் சின்ன டாக்டரம்மா எங்களை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உப்பு ரொம்பச் சேத்துக்குவாரா?"

"நான்தான் போட்டேன்" என்றாள் அம்மா.

"எவ்வளவு போடுவீங்க?"

அம்மா கையைக் குழித்துக் காட்டினாள். டாக்டரம்மா அந்தக் கையையே பார்த்தார்.

"அதெப்படிம்மா, அவ்வளவு போட்டா ஒரு வாய் வைக்க முடியாதே. அவர் எப்படி..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அவருடைய கன்னம் லேசாக அசைந்தது. நாக்கால் தன் மேல்வாயைத் தொட்டுப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"உப்பு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது" என்றார் பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "ஆனா இப்ப இந்த மாதிரி நிறைய வருது. இனிமே அவருக்குத் துளி உப்பு கூடாது."

வில்லையைக் கழற்றி ஒரு சின்ன டப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதைத் திறக்கவில்லை. அப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்து முன்னறையில் கட்டில் போட்டோம். உப்பில்லாத கஞ்சியை அம்மா ஊட்டினாள். அப்பாவின் நாக்கு இப்போது பாதிதான் வேலை செய்தது என்றாலும், முதல் வாயிலேயே அவர் முகம் கோணியது. புருவம் சுருங்கியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அம்மா ஆக்கியது அவருக்குத் தெரிந்தது. தெரிந்த அன்று சொல்ல வாயில்லை.

"உப்பு இல்லைன்னுதான? இல்லதான். போடக் கூடாதாம்" என்று அம்மா வாயைத் துடைத்துவிட்டாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தன்ருசியிலிருந்து பிரிட்டோ என்ற பையன் வந்தது அந்த வாரத்தில்தான். அப்பாவுக்கு வில்லை ஒட்டியவன் அவன்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சிக்கு இப்பிடி ஆயிருச்சின்னு எங்களுக்குத் தெரியாதுக்கா. வில்லை கழண்டிருச்சின்னு மட்டும்தான் அங்க காட்டிச்சு."

"உப்பு இவ்வளவு உள்ள போவுதுன்னு மட்டும் உங்களுக்குக் காட்டலயா?" என்று அண்ணன் கேட்டான்.

"அது காவல் திட்டத்துலதான் வரும். அண்ணாச்சி எடுத்தது ருசி மட்டும்." அவனுக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "இப்ப நான் வந்தது என்னன்னா, இந்த ருசி கழட்டுன ஒரு மாசத்துல அழிஞ்சிரும். கழட்டுன வாய்ல மறுபடி ஒட்ட முடியாது, நரம்பு எடுக்காது. குடும்பத்துல வேற யாருக்காவது மாத்தணும்னா மாத்தலாம்."

"எங்கிட்ட குடு. அப்பிடி என்ன ருசியத்தான் ஒளிச்சு வச்சிருந்தாருன்னு பாப்போம்" என்றான் அண்ணன்.

"உங்களுக்குப் பிடிக்குமான்னு தெரியலண்ணே. இது கடை ருசி கெடையாது. சொந்தப் பதிவு."

"அப்பிடின்னா?"

"அவரே கொண்டு வந்தாரு. தூக்குவாளியில. நான்தான் பதிஞ்சு குடுத்தேன். அண்ணாச்சி, எங்ககிட்ட ராஜா வீட்டு விருந்தே இருக்கு, இதப் போயி கொண்டு வந்திருக்கீங்களேன்னு கேட்டேன். யார்டுலயும் பசையப் போடுதானுவ, அங்கயும் எனக்கு இதான் வேணும்னு சொன்னாரு." பிரிட்டோ அம்மாவைப் பார்த்தான். "சாளக் குழம்புக்கா. மாங்கா போட்டது."

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

அண்ணன்தான் முதலில் பேசினான். "வீட்டுல சும்மா கெடைக்கதயா காசு குடுத்து வாங்குனாரு?"

"வீட்டுல நான் புதுசா ஆக்கிப் போட்டேனே" என்றாள் அம்மா. "தெனமும் போட்டேனே."

"வில்லை இருந்தா எதத் தின்னாலும் அந்த ஒண்ணுதான்க்கா தெரியும். அது அப்பிடித்தான். உங்ககிட்டச் சொல்லிருங்கன்னு நான் சொன்னேன். சிரிச்சாரு. சொன்னா அவ பெறகு குழம்பே வைக்க மாட்டா, உங்களுக்குத்தான் வாய்லயே இருக்கேன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிடுவான்னாரு."

அம்மா கட்டில் பக்கம் திரும்பவில்லை. ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் அந்த டப்பியை எடுத்து வந்து பிரிட்டோ முன்னால் வைத்தாள்.

"எனக்கு ஒட்டு."

"யம்மா, சும்மா இரிங்க" என்றான் அண்ணன்.

"யோசிச்சுக்கிடுங்கக்கா" என்றான் பிரிட்டோ. "மாத்திக் குடுத்தா ஒரு வருசத்துக்குக் கழட்ட முடியாது. கம்பெனி பூட்டிரும். பெறகு நீங்க என்ன ஆக்குனாலும் அதுல உப்பு இருக்கா, புளி இருக்கான்னு உங்களுக்கே தெரியாது."

"தெரிஞ்சு என்னத்தக் கிழிச்சேன். ஒட்டு."

ஒட்டினான். நான் அப்பாவுக்கு வடித்திருந்த சோற்றையும் உப்பில்லாத பருப்பையும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தேன். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண் பாதி மூடியது. அப்பா மூடுவது போலவே இருந்தது. மெதுவாக மென்றாள்.

"மாங்கா நல்லாப் புளிப்பு" என்றாள் கண்ணைத் திறக்காமல். "தேங்கா இன்னும் கொஞ்சம் அரைச்சிருக்கலாம். அன்னைக்குக் கரண்ட் போயிருச்சில்லா."

இன்னொரு வாய் வைத்தாள். அதை மெல்லும்போது புருவம் சுருங்கியது. மறுபடி ஒரு வாய் வைத்து, நாக்கில் வைத்தபடியே நிறுத்திப் பார்த்தாள். கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள்.

அப்பாவின் இடது கண் ஓரம் நனைந்தது.

"கம்மி. எனக்குத் தெரியும். உப்பு பாக்கலன்னு பொறத்தாலயே கத்துனேன்லா? இதயா இவ்வளவு நாளும் தின்னீங்க? தெனமும் கேட்டேனே. தெனமும் சரியா இருக்குன்னீங்களே."

அவள் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். மூன்று விரலால் கொஞ்சம் எடுத்துச் சோற்றில் தூவினாள். பிசைந்து வாயில் வைத்தாள். தலையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் தூவினாள்.

"அது மாறாதுக்கா" என்றான் பிரிட்டோ. "நீங்க எவ்வளவு போட்டாலும் அன்னைக்குத் தூக்குவாளியில என்ன இருந்துச்சோ, அதான்."

அம்மா கேட்டதாகவே தெரியவில்லை. தூவினாள், தின்றாள், தலையை ஆட்டினாள். கையால் அள்ளினாள். ஒரு கல்லை எடுத்து நேரே நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதுவும் கரைந்து போனது. அவள் முகம் மாறவில்லை. அண்ணன் "யம்மா, யம்மா" என்று நின்ற இடத்திலேயே நின்றான். பிரிட்டோ தன் பையைத் தோளில் மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான்.

நான் போய் ஜாடியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். "போதும்மா, கரிக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் அவளுக்கு இனி கரிக்காது என்பது நினைவுக்கு வந்தது.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா இடது கையைத் தூக்கியிருந்தார். விரல்கள் ஆடின. போதும் என்கிறாரா, கொடு என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் பேச்சை ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டவர் அவர். அவர் சொல்வது எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

அம்மா என்னை நோக்கிக் கையை நீட்டினாள். சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்பது போல உள்ளங்கை விரிந்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் உப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"ஒரே ஒரு கல்லுதானட்டி கேக்குதேன்" என்றாள். "அவருக்குச் சரியா வந்திரும்."